நூற்றெண்பது துண்டுகள்

கிழிந்த துணியைத் தூக்கி எறிவது எளிது. பழகிய துணியை வெட்டுவது அரிது. ஒருவர் உடுத்திய ஆடை, அவர் மறைந்த பின்னும் அவரைத் தன்னுள் வைத்துக்கொண்டிருக்கிறது. முழங்கை மடங்கிய இடத்தில் ஒரு சுருக்கம், சுமை அழுத்திய தோளில் ஒரு தேய்வு, எத்தனை முறை துவைத்தும் போகாத ஒரு கறை. இவற்றைக் கத்தரிக்கோலுக்குக் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதே அன்பின் கடமை என்று எண்ணுவோரே பலர்.

உலு திராமில் தாமான் வீடொன்றில் வாழும் மூதாட்டி ஒருவரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தார். ஜொகூர் பாருவுக்கு வடகிழக்கே அமைந்த அவ்வூர், முன்னாளில் இரப்பர்த் தோட்டங்களுக்கு இடையே கிடந்த சிற்றூர். பால்மரங்கள் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. பின்னர் வரிசை வரிசையாகத் தாமான்கள் எழுந்தன. தோட்டத்து லயத்தைவிட்டு வெளியேறிய நாளில் அவர் தம்முடன் கொண்டுவந்த செல்வம் ஒரு தகரப் பெட்டி. அதனுள் மறைந்த கணவரின் கைலி ஒன்று, மூன்று பிள்ளைகளுக்கு ஏணையாகத் தொங்கிய தாயாரின் நூற்சேலை, மகளின் நீலப் பள்ளிச் சீருடை, அவரே மரம் வெட்டப் போகையில் அணிந்த நீளக்கைச் சட்டை ஆகியவை இருந்தன. அச்சட்டையில் தெறித்துக் காய்ந்த இரப்பர்ப் பால், கரும்புள்ளிகளாக இன்னும் ஒட்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பேத்திக்குப் பினாங்கில் பல்கலைக்கழகப் படிப்புக்கு இடம் கிடைத்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படியேறப் போகும் பெண் அவள். அவளுக்குக் கொடுத்தனுப்ப நகை இல்லை; பணமும் மிகுதியாக இல்லை. மூதாட்டி பெட்டியைத் திறந்தார். பழந்துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வை ஒன்று தைப்பது என்று முடிவு செய்தார்.

இவ்வகைப் போர்வை புதுமையன்று. வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே அவற்றைத் தைத்துக் ‘காந்தா’ என்று பெயரிட்டனர். நாம் கந்தை என்று சொல்லும் சொல்லுக்கும் அதற்கும் உறவுண்டு. வட கன்னடப் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள், ஓரத்தில் தொடங்கி நடுவில் முடியுமாறு தங்கள் போர்வைகளைத் தைக்கின்றனர். நான்கு மூலையிலும் துணிப்பூ வைக்காத போர்வை அவர்கள் கண்ணுக்கு ஆடையற்றது போல் தோன்றுமாம். தமிழ் வீடுகளிலும் பாட்டியின் பழஞ்சேலை மடிப்புகளின் மேல் படுக்காத பச்சிளங்குழந்தை ஏது? வறுமை கற்பித்த கலைதான் இது. ஆயினும் வறுமையோடு நின்றுவிட்ட கலையன்று.

மூதாட்டி முதலில் கையில் எடுத்தது ஊசியை அன்று, பென்சிலை. பேத்தியின் பழைய கணக்குப் பயிற்சி ஏட்டில் கட்டமிட்ட தாள் ஒன்றைக் கிழித்து, ஒரு கட்டம் ஒரு துண்டு என வைத்துக்கொண்டார். தைத்து முடித்த துண்டு 5 அங்குலச் சதுரமாக இருத்தல் வேண்டும். நான்கு புறமும் தையலுக்குக் கால் அங்குலம் போகும் ஆதலால், வெட்டும்போது ஐந்தரை அங்குலம் வேண்டும். குறுக்கே 12, நெடுக்கே 15. ஆக 180 துண்டுகள். போர்வை 60 அங்குல அகலமும் 75 அங்குல நீளமும் பெறும். பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் போட்ட கணக்கில் ஓர் அங்குலமும் பிசகவில்லை.

பிறகு துணிகளைப் பிரித்தார். பருத்தியோடு பருத்தியே சேரும். வழுக்கும் நைலான் சேலை ஒதுக்கப்பட்டது. அடர்நிறப் பாத்தேக்குகளைச் சாயம் கழன்று வராத வரையில் மீண்டும் மீண்டும் அலசினார். ஒவ்வொரு துணியையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சல்லடைபோல் ஒளி கசிந்த இடங்களை விலக்கினார். விலக்க மனமில்லாத இடங்களுக்கு அடியில் மெல்லிய துணி கொடுத்தார்.

கணவரின் கைலிமுறை வந்தபோது மகள் குறுக்கிட்டாள்.

“அம்மா, அப்பாவோட கைலிய மட்டும் வெட்டாதீங்க. அவர் ஞாபகமா இருக்கிறது அது ஒண்ணுதான்.”

“பெட்டியில வச்சா கரப்பான்தான் உடுத்திக்கும். வெட்டித் தச்சா பிள்ளை போத்திக்கும்மா” என்றார் மூதாட்டி.

சொல்லிவிட்டாரே தவிர, அவராலும் வெட்ட முடியவில்லை. கட்டம் போட்ட அந்தக் கைலியை மலாய் மக்கள் ‘காயின் பெலிக்காட்’ என்பர். தமிழகக் கரையிலுள்ள பழவேற்காடு, ஐரோப்பியர் நாவில் புலிக்காட்டாகி, அங்கிருந்து கப்பலேறிய துணிக்குப் பெயராகி, மலாய் மொழியில் பெலிக்காட்டாக நிலைத்தது. சனங்களுக்கு முன்பே துணி கடல் கடந்திருக்கிறது. ஊர்ப்பெயரையும் சுமந்து வந்திருக்கிறது. அத்தகைய துணியை இரவுதோறும் உடுத்தி, வாசற்படியில் அமர்ந்து சுருட்டுப் பிடித்த மனிதரை அவர் எவ்வாறு துண்டு போடுவார்? மூன்று வாரம் கத்தரிக்கோல் கைலியின்மேல் அப்படியே கிடந்தது.

அந்த நாள்களில்தான் மகள் கட்டத்தாளைக் கூர்ந்து நோக்கினாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி இருந்தது: கைலி, சேலை, சட்டை, சீருடை, பாத்தேக். எட்டாம் வரிசையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“இது என்னம்மா, விட்டுட்டீங்களா?”

“அது எங்கப்பாவுக்கு.”

சப்பானியர் காலத்தில், 1943-ஆம் ஆண்டு, அவருடைய தந்தையைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுசென்றனர். அப்போது அவர் கைக்குழந்தை. சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிவுற்றது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழரில் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவர் தந்தையும் அவர்களுள் ஒருவர். புகைப்படம் இல்லை, கடிதம் இல்லை, கல்லறையும் இல்லை. வீட்டில் விட்டுச் சென்ற வேட்டியையாவது வைத்திருக்கக் கூடாதா? துணிப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. மக்கள் சணற்சாக்கைக் கிழித்து உடுத்தினர். அந்த வேட்டி குழந்தைக்குத் துணியாகி, நைந்து, இல்லாமற் போயிற்று. தாயார் சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதே போர்க்காலத்தில், ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் சாங்கிச் சிறையிலும் போர்வைகள் உருவாயின. 1942-இல் அங்கு அடைபட்டிருந்த பெண்கள், ஆளுக்கொரு சதுரத் துணியில் தம் பெயரையும் உள்ளத்தையும் பூத்தையலாக இட்டனர். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள் எழுந்தன. வேறிடத்தில் அடைபட்டிருந்த கணவன்மார்க்கு, ‘உயிரோடிருக்கிறோம்’ என்று உணர்த்தும் ஓலைகளாயின அவை. இரண்டு இன்று கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று இலண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திலும் காக்கப்படுகின்றன. பெயரைத் தைத்துவைக்க அப்பெண்களுக்கு ஒரு முழத் துணியேனும் வாய்த்தது. தண்டவாளத்தின் ஓரம் வீழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் வாய்க்கவில்லை.

“உங்கப்பாவோட கைலிய வெட்டணுமான்னு நீ அழுவுற. எங்கப்பாவுக்கு வெட்டுறதுக்குக்கூட ஒரு துண்டு இல்லியேம்மா.”

மகள் மறுமொழி கூறவில்லை. நெடுநேரம் கழித்துக் கத்தரிக்கோலை அவளே எடுத்தாள். கைலியை மடித்து, இழை நேரே சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஒவ்வொன்றாக வெட்டினாள். எஞ்சிய நீளத்துண்டுகளையும் வீணாக்கவில்லை. போர்வையின் நான்கு ஓரங்களையும் அவற்றால் பட்டியிட்டு மூடுவது என்று தாயும் மகளும் ஒருமனப்பட்டனர்.

அன்று தொடங்கிய தையல் இரண்டு மாதம் நடந்தது. பன்னிரண்டு துண்டுகளை இணைத்து வரிசையாக்கி, மடிப்புகளை ஒரு வரிசையில் வலப்புறமும் மறுவரிசையில் இடப்புறமும் சாயுமாறு தேய்த்தனர். அப்போதுதான் நான்கு மூலைகள் கூடுமிடம் தடிக்காது படியும். மேலே ஒட்டுத்துணி, நடுவே பழைய பருத்திக் கம்பளி, அடியில் பாத்தேக் என மூன்றையும் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சுருக்கமின்றி நீவி, பெருந்தையலிட்டு நிறுத்தினர். அதன்பின் கையால் நூலோட்டம். பேத்தி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். பாட்டியின் கண்ணுக்கு ஊசிக்காது தெரியவில்லை. விரல்களுக்குத் தடம் மறக்கவில்லை.

வெறுமையாக இருந்த கட்டத்துக்குச் சணற்சாக்கு வந்தது. மளிகைக்கடையில் கேட்டு வாங்கிய பழஞ்சாக்கைக் கொதிநீரில் இட்டுக் காயவைத்து, ஒரு சதுரம் வெட்டி, இழை பிரியாதபடி ஓரத்தைச் சுற்றித் தைத்து, அடியில் வெள்ளைப் பருத்தி கொடுத்துப் பொருத்தினார் மூதாட்டி. மென்மையான நூற்று எழுபத்தொன்பது துண்டுகளுக்கு இடையில் அது ஒன்று மட்டும் முரடு.

பினாங்குக்குப் புறப்படும் முதல்நாள் இரவு, பேத்தி போர்வையை விரித்துப் படுத்தாள். கன்னத்தில் ஏதோ உறுத்தியது. கையால் தடவிப் பார்த்தாள்.

“பாட்டி, இங்க மட்டும் ஏன் சாக்கு வச்சிருக்கீங்க?”

எண்பது ஆண்டுகளாக அம்மனிதரைப் பற்றி வரலாறு கேட்கவில்லை, பதிவேடு கேட்கவில்லை, தோட்டம் இருந்தவரை தோட்டமும் கேட்கவில்லை. ஒரு முரட்டுத் துணி கேட்க வைத்தது. மூதாட்டி விளக்கை அணைக்காமல், பேத்தியின் அருகில் அமர்ந்து சொல்லத் தொடங்கினார்.

தகரப் பெட்டி இப்போது காலியாக இருக்கிறது. அதைப் பூட்டுவார் இல்லை.