விரலை எடுத்தா நின்னுடும்

ஆங்கிலத்தில் 'யூ' என்ற சொல்லை அரட்டையில் யாரும் முழுசாக எழுதுவதில்லை. ஒய், ஓ, யு என்று மூன்று எழுத்து எதற்கு, கடைசி யு மட்டும் போதுமே. சுருக்கப் பிரெயிலில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே ஒய் தனியாக நின்றாலே அது 'யூ' என்ற முழுச்சொல். தனியாக நிற்கும் யு எழுத்துக்கு 'அஸ்' என்று பொருள். அதனால் நாம் அனுப்பும் மொட்டை யு-வுக்கு முன்னால், 'இது வெறும் எழுத்து, சொல் அல்ல' என்று சொல்லும் ஒரு குறியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. முழுசாக எழுதினால் ஒரு செல், சுருக்கினால் இரண்டு. 'ஓகே'யையும் சுருக்கி 'கே' என்று அனுப்புகிறோமே, அதற்கும் இதே கதிதான். பிரெயிலில் தனி 'கே' என்றால் 'நாலெட்ஜ்'. அறிவு.

"ஒனக்கு டைம் மிச்சம், எனக்கு செல் செலவு" என்று இதைச் சிரித்துக்கொண்டே விளக்கியவர் என் பெரியம்மா மகள். என்னைவிட பன்னிரண்டு வயது மூத்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்கிறார். நம்மில் பலருக்கு பிரிக்பீல்ட்ஸ் என்றால் வாழையிலைச் சாப்பாடும் பூக்கடையும் தீபாவளிச் சந்தையும். அக்காவுக்கு அது நடைபாதையில் பதித்த மஞ்சள் தடக்கற்கள், 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம், உடம்புபிடி நிலையங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள். ஒரே தெருவில் இரண்டு ஊர்.

அக்காவிடம் ஒரு நோட்டேக்கர் இருக்கிறது. தடித்த புத்தக அளவில் ஒரு சின்னக் கணினி. பிரெயில் தட்டச்சு செய்ய ஆறு முக்கிய விசைகள், நடுவில் இடைவெளி விசை. முன்விளிம்பில் ஒரே வரியாக 32 பிரெயில் செல்கள். ஒரு செல்லுக்கு எட்டு ஊசிகள், ஆக 256 ஊசிகள் ஏறி இறங்கும். ஸ்கூடாயில் மின்னணுவியல் படித்தவன் என்பதால் முதலில் என்னை இழுத்தது இந்த ஊசிகள்தான். ஒவ்வொன்றுக்கும் அடியில் பீசோ பட்டை ஒன்று உண்டு. சுமார் 200 வோல்ட் கொடுத்தால் அது லேசாக வளைந்து ஊசியைத் தூக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விரலுக்கு ஆபத்தில்லை. இத்தனை நுணுக்கமான பாகங்களை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டியிருப்பதால்தான் விலை ஏறுகிறது. 32 செல் நோட்டேக்கர் ஒன்று ஐயாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்தால் ஒரு பழைய காரின் விலை.

இந்த ஒரு வரியில்தான் அரட்டை நடக்க வேண்டும். நமக்குத் திரையின் மேல்பாதியில் வந்த செய்தி தெரியும், கீழே நாம் எழுதுவது தெரியும், இடையில் 'டைப்பிங்' என்று மினுக்குவதும் தெரியும். அக்காவுக்கு வந்ததும் போவதும் அதே 32 செல்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது புதுச்செய்தி குதித்து வந்தால் பாதி வாக்கியம் விரலடியிலிருந்து மறைந்துவிடும். குதிக்காமல் காத்திருந்தால், எதிராளி நாலு செய்தி அனுப்பியது தெரியாமல் முதல் செய்திக்கே பதில் எழுதிக்கொண்டிருப்பார். இரண்டையும் சேர்த்துச் செய்யவும் முடியாது, எழுதுவதும் அதே விரல்கள், படிப்பதும் அதே விரல்கள். இதில் நம் ஆட்கள் வரிசையாகச் சிரிப்புப் படம் அனுப்புவார்கள். கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்துக்கு 'ஃபேஸ் வித் டியர்ஸ் ஆஃப் ஜாய்' என்று பெயர். சுருக்கமில்லாமல் காட்டினால் 22 செல். மூன்று முகம் போட்டால் இரண்டு வரி போயிற்று.

இவ்வளவு சிரமத்துக்குப் பேசாமல் குரலிலேயே கேட்டுவிடலாமே? எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இதே எண்ணம். கண் தெரியாதவருக்கு எதற்கு எழுத்து என்று அன்போடு வாய்ஸ் நோட் அனுப்புவார்கள். மாமா ஒருவர் நாலு நிமிடத்துக்குக் குறைந்து அனுப்பியதே இல்லை.

2023 தொடக்கத்தில் பெரியப்பா மருத்துவமனையில் இருந்தார். ஒருநாள் மாலை அக்கா வேலை முடிந்து எல்.ஆர்.டி.யில் வந்துகொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. நல்ல கூட்டம். மடியில் நோட்டேக்கர், அதன் மேல் விரல். டாக்டர் சொன்னதை அண்ணன் நாலைந்து வரியில் எழுதியிருந்தான். இரண்டாவது வரியில் ஒரு சொல்லில் விரல் நின்றுவிட்டது என்றார் அக்கா. மேலே போகவில்லை. இரண்டு ஸ்டேஷன் கழித்துத்தான் மீதியைப் படித்தார். பக்கத்தில் நின்ற யாருக்கும் எதுவும் தெரியாது.

"குரல் படிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும் தெரியுமா தம்பி? மளிகை லிஸ்ட் படிக்கிற மாதிரியே அதையும் படிச்சிருக்கும். விரலை எடுத்தா நின்னுடும். குரல் அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

"குரலையும் நிறுத்தலாமே அக்கா?"

"நிறுத்தலாம். அதுக்குள்ள அடுத்த வார்த்தைய சொல்லிடுமே."

எனக்கு இதில் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. கேட்பவருக்கும் வாசிப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எந்தச் சொல்லில் நிற்பது, எப்போது அடுத்த சொல்லுக்குப் போவது என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. காதும் கேட்காத பார்வையற்றவர்களுக்கு இது விருப்பமும்கூட இல்லை, ஒரே வழி. அவர்களுக்கு வாய்ஸ் நோட் வெற்றுக்கோப்பு.

ஆனால் இந்த ஊசிகள் எத்தனை வருடம் உழைத்தாலும் அவற்றுக்குச் செய்தி கொண்டுவரும் சேவைகள் நிலைப்பதில்லை. கொரியாவின் ஹிம்ஸ் நிறுவனம் பிரெயில் சென்ஸ் பிளஸ் கருவிக்குள்ளேயே எம்.எஸ்.என். மெசஞ்சரை வைத்திருந்தது. 2013-இல் மைக்ரோசாஃப்ட் மெசஞ்சர் பயனர்களை ஸ்கைப்புக்கு மாற்றியது. 2025-இல் ஸ்கைப்பையும் மூடியாயிற்று. அடுத்த கருவிகளில் கூகுள் டாக் வந்தது, அது 2022-இல் முடிந்தது. 2016-இல் வெளிவந்த பிரெயில்நோட் டச் ஆண்ட்ராய்டு 4.4-இல் ஓடுவது. வாட்ஸ்அப்போ 2023 அக்டோபர் முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே வேலை செய்வதில்லை. நம் கைப்பேசிக்கு வயதானால் ஆயிரம் வெள்ளியில் வேறு வாங்கிக்கொள்வோம். நோட்டேக்கர்காரர்கள் என்ன செய்வார்கள்? அக்காவின் கருவியிலும் ஒருநாள் அரட்டைச் செயலி திறக்க மறுத்தது. 256 ஊசிகளும் ஒழுங்காக ஏறி இறங்கின. குடும்பக் குழு மட்டும் இல்லை.

இப்போது அக்கா செய்திகளைக் கைப்பேசியில் பெறுகிறார். கைப்பேசி பைக்குள் கிடக்கும். நோட்டேக்கர் புளூடூத் வழியாக அதற்குத் திரையாகவும் விசைப்பலகையாகவும் மட்டும் வேலை செய்கிறது. ஒரு பொறியாளனாக இது சரியான பிரிவினை என்றே நினைக்கிறேன். சேவைகளும் கைப்பேசிகளும் மாறிக்கொண்டே இருக்கட்டும், விலை உயர்ந்த ஊசிகள் அப்படியே இருக்கட்டும். பிரெயில் காட்சிக் கருவிகளுக்கென்று 2018-இல் ஒரு பொதுவான யு.எஸ்.பி. தரநிலையும் வந்துவிட்டது. அக்காவுக்கு முழுத் திருப்தி இல்லை. "முன்ன அது கம்ப்யூட்டரு. இப்ப போனுக்குக் கைத்தடி" என்கிறார்.

மிச்சமிருப்பது தமிழ். பாரதி பிரெயிலில் தமிழ் எழுதுவது அழகான விஷயம். 'கொ' என்று அச்சில் எழுதினால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. பிரெயிலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். புள்ளி மட்டும் மெய்க்கு முன்னால் வரும். 'அம்மா' என்பது அ, புள்ளி, ம, ம, ஆ என்று ஐந்து செல். யூனிகோடிலும் ஐந்தே குறியீடுகள், ஆனால் அங்கே புள்ளி மெய்க்குப் பின்னால். இதை மாற்றிப்போடுவது மொழி அட்டவணையின் வேலை. பல கருவிகளும் இயங்குதளங்களும் இதற்கு லிப்லூயி என்ற திறமூல நிரலைப் பயன்படுத்துகின்றன. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் போயர் பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத அமெரிக்க நிரலாளர். தமிழுக்கும் அதில் அட்டவணை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காமல் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டால் சில கருவிகளில் 'க' என்ற எழுத்து வராது, 0பி95 என்று அதன் குறியீட்டு எண்தான் விரலில் தட்டும்.

நாமோ தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். ஆங்கிலச் சுருக்க விதிகள் அதன்மேல் பாய்கின்றன. 'தெரியாது' என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் முதல் மூன்று எழுத்தும் சேர்ந்து 'தி' என்ற ஆங்கிலச் சொல்லின் ஒற்றைச் செல்லாகிவிடும். 'வந்தான்' நடுவில் 'ஆன்ட்' வந்து உட்கார்ந்துகொள்ளும். பழகிய விரல் கண்டுபிடித்துவிடும்தான், ஆனாலும் தடுக்கும்.

மலேசியத் தமிழில் வாட்ஸ்அப்புக்குப் புலனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். செல்லினம் செய்த முத்து நெடுமாறனும் இந்த ஊர்க்காரர்தான். புலனுக்குப் பெயரும் எழுதக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நான் அக்காவுக்குத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நாலு நிமிட மாமாவுக்கும் போன மாதம் செல்லினம் ஏற்றிக் கொடுத்தேன். அவருக்கு ழகரம் தேடுவதே பெரிய வேலை. நேற்று அனுப்பிய செய்தி ஒரே வரி: 'சாப்டியாமா'. அக்கா அதை இரண்டு தடவை தடவிப் பார்த்ததாகச் சொன்னார்.