கால் முக்கால் ஆன கதை

என் மேஜைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. 2012ல் சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடையில் பாகம் பாகமாக வாங்கி, என் அக்கா மகன் பூட்டிக் கொடுத்தது. பார்த்தால் சாதாரண டெஸ்க்டாப். ஆனால் அது செய்வது சர்வர் வேலை. சர்வர் என்றதும் ஓட்டல் சர்வர் ஞாபகம் வந்தால் தப்பில்லை. இதுவும் கேட்டதைக் கொண்டுவந்து வைக்கிற ஆள்தான். எங்கள் வீட்டு வைஃபைக்குள் மட்டும் வேலை செய்யும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் அதை யாருக்கும் தெரியாது.

உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள். அபாச்சி என்பவர் கவுண்டரில் நின்று "என்ன வேண்டும்?" என்று கேட்பவர். மைஎஸ்க்யூஎல் என்பவர் உள்ளே ரெக்கார்ட் ரூமில் இருப்பவர். நடுவில் பி.எச்.பி. என்ற எழுத்தர், ரெக்கார்ட் ரூமிலிருந்து வருவதைப் பக்கமாக எழுதி கவுண்டருக்கு அனுப்புவார். நான் சர்வீஸில் பாதி நாள் ரெக்கார்ட் பிரிவில் கழித்தவன் என்பதால் இந்த ஏற்பாடு எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இவர்கள் மூவரையும் தாங்கி நிற்கும் கட்டடத்துக்கு உபுண்டு என்று பெயர். இலவசம்.

இத்தனையும் என் மனைவிக்காக ஏற்பட்டது. அவள் தினமும் நாட்குறிப்பு எழுதுவாள். நாட்குறிப்பு என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் என்ன விலை, யார் வந்தார்கள், அம்மா மண்டபத்தில் எத்தனை படி வரை தண்ணீர், இன்று என்ன குழம்பு. மணிக்கட்டு வலி வந்து பேனா பிடிக்க முடியாமல் போனபோது அக்கா மகன் இதைச் செய்து கொடுத்தான். அவள் அந்தக் காலத்திலேயே தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். பழைய தட்டச்சு முறையையே கம்ப்யூட்டரிலும் அமைத்துக் கொடுத்ததும் என்னைவிட நாலு மடங்கு வேகமாக அடித்தாள். 2012ல் ஆரம்பித்து 2019 வரை எழுதினாள். அந்த வருஷக் கடைசியில் போய்விட்டாள்.

அதன் பிறகு அந்தப் பெட்டியை நான் அணைத்ததே இல்லை.

உபுண்டுவின் பதிப்புகளுக்கு எண் வைக்கும் முறை நம் அரசாணை மாதிரி. 18.04 என்றால் 2018ஆம் வருஷம் நாலாவது மாதம் வந்தது என்று அர்த்தம். நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்புகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும். ஒவ்வொன்றுக்கும் சாதாரணமாக ஐந்து வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். என்னிடம் இருந்த 18.04க்கு 2023 மே மாதத்தோடு அந்தக் கெடு முடிந்தது. "மாமா, புதுசுக்கு மாத்திடுங்க. நேரே 22க்குத் தாவ முடியாது. முதல்ல 20, அப்புறம்தான் 22" என்று அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து செய்தி அனுப்பியிருந்தான். இன்க்ரிமென்ட் மாதிரிதான், நடுவில் ஒன்றைத் தாண்ட விடமாட்டார்கள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதலில் ரெக்கார்ட் ரூம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் படி எடுத்துக்கொண்டேன். பழைய ரிஜிஸ்டரின் படி கையில் இல்லாமல் புது ரிஜிஸ்டர் திறக்கக் கூடாது என்பது முப்பத்தைந்து வருஷப் பழக்கம். பிறகு அவன் சொன்ன கட்டளையைக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் ஓடியது. நடுவில் கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அந்தப் பத்து நிமிஷம் நான் நாற்காலியில் உட்காரவில்லை.

அவ்வப்போது அது என்னிடம் கேள்வி கேட்டது. இந்த அமைப்புக் கோப்பை நீ மாற்றி வைத்திருக்கிறாய், உன்னுடையதையே வைத்துக்கொள்ளட்டுமா, புதியதைப் போடட்டுமா? எல்லாவற்றுக்கும் பழையதையே வை என்றேன். மத்தியானம் சாப்பிடும் நேரத்துக்கு எல்லாம் முடிந்து, பெட்டி தானாக அணைந்து எழுந்தது. புதுப் பதிப்பு 20.04. சந்தோஷமாக அவள் பக்கத்தைத் திறந்தேன்.

திரை முழுக்க பிரெஞ்சு.

அப்படித்தான் முதல் பார்வைக்குத் தோன்றியது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'ஆ' என்ற எழுத்து இரண்டு விதம். 'உடையவன்' என்ற வினையாக வந்தால் வெறும் தலை. 'இடத்தில், இடத்துக்கு' என்ற பொருளில் வந்தால் தலையில் இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு கோடு. அதற்கு அக்சான் கிராவ் என்று பெயர். திக்தே வகுப்பில், அதாவது வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதும் வகுப்பில், அந்தக் கோட்டை விட்டு நான் இழந்த மதிப்பெண்களைச் சேர்த்தால் இன்னொரு பையனைப் பாஸ் போட்டிருக்கலாம். அந்தக் கோடு போட்ட 'ஆ' ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்றது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில ஆர், இல்லாவிட்டால் உயரத்தில் ஒரு குட்டைக் கோடு, அப்புறம் ஏதோ ஒரு குறி. தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. "உங்க பிரெஞ்சு எதுக்கு உதவிச்சு?" என்று அவள் கேலி செய்வாள். அவளுடைய ஏழு வருஷமும் பிரெஞ்சாகிவிட்டதே என்று ஒரு நொடி சிரிப்புகூட வந்தது. அடுத்த நொடி கை நடுங்கியது.

அப்போதுதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு பக்கத்தின் தேதி மட்டும் நன்றாகத் தெரிந்தது. 2017 ஆகஸ்ட் 3, ஆடி பதினெட்டு. தலைப்பு 'ஆடிப்பெருக்கு' என்றுதான் இருந்திருக்கும் என்று நானே முடிவு செய்து, தலைப்பை அழித்துவிட்டு அப்படியே தமிழில் அடித்து, சேமித்தேன். திரும்பத் திறந்தால் தலைப்பு இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று. நாம் எண்ணினால் ஆடிப்பெருக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டருக்கு 'டி' என்பது ட ஒன்று, கொக்கி ஒன்று. 'ப்' என்பது ப ஒன்று, புள்ளி ஒன்று. அந்தக் கணக்கில் பதின்மூன்று.

பென் டிரைவ் இருக்கிறதே என்று அதைத் திறந்து பார்த்தேன். அதிலும் அதே கோடு போட்ட 'ஆ'. அங்கேயும் தமிழ் இல்லை. நாக்கு வறண்டுவிட்டது.

பக்கத்தில் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன். "ஃபார்மேட் அடிச்சுப் புதுசாப் போட்டுடலாம் சார், ஒரு மணி நேர வேலை" என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கு அது ஒரு மணி நேர வேலை. வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டு, அக்கா மகன் எழுந்திருக்கும் நேரத்துக்காக உட்கார்ந்திருந்தேன்.

அவன் வீடியோவில் வந்து திரையைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "மாமா, கீபோர்டுலேருந்து கையை எடுங்க. எதையும் சேவ் பண்ணாதீங்க." இரண்டாவது, "ஒண்ணும் போகலை."

அன்று இரவு அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. அதை யூ.டி.எஃப்-8 என்ற முறையில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று எண்கள். முதல் எண் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் ஆளுக்கு ஆள் மாறும். லத்தீன்-1 என்பது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய பட்டியல். அதில் ஒரு எண்ணுக்கு ஒரு எழுத்து. அந்தப் பட்டியலில் 224 யார் என்றால், என் அக்சான் கிராவ் 'ஆ'. 174 வட்டத்துக்குள் ஆர். 175 அந்தக் குட்டைக் கோடு. ஆகத் திரையில் நான் பார்த்தது அவள் எழுதிய தமிழேதான். வேறு பட்டியலை வைத்துக்கொண்டு வாசிக்கப்பட்ட தமிழ்.

நம் துணைக்காலின் மூன்றாவது எண் 190. லத்தீன்-1ல் 190 என்பது முக்கால் என்ற பின்னக் குறி! 'அம்மா' என்று அவள் அடித்த இடத்தில் எல்லாம் கடைசியில் முக்கால் நின்றது. கால், முக்கால் ஆகிவிட்டது. அன்று இரவு எனக்கு வந்த முதல் நிஜமான சிரிப்பு அதற்குத்தான். (நம்முடைய சொந்த முக்கால், மாகாணி, முந்திரிக் குறிகளுக்கு யூனிகோடில் எண் கிடைத்தது 2019ல்தான். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று பேரனிடம் சொன்னால் பாயசத்தில் போடுவதுதானே என்கிறான்.)

சரி, ஏழு வருஷம் ஒழுங்காகத் தெரிந்தது எப்படி? 2012ல் அந்த ரெக்கார்ட் ரூமை அமைத்தபோது எழுத்து முறை என்ன என்று நாங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. சொல்லாவிட்டால் அன்றைய மைஎஸ்க்யூஎல் லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும். அது சுவீடனில் பிறந்த மென்பொருள். உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தன் மகள் மீயின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். அவர்கள் ஊர் எழுத்துக்கு லத்தீன்-1 போதும். நாங்கள் தமிழைக் கொண்டுபோய் 'லத்தீன்' என்று லேபிள் ஒட்டிய கட்டில் வைத்தோம். எடுக்கும்போதும் அதே லேபிளைச் சொல்லி எடுத்தோம். வைத்ததும் தப்பு, எடுத்ததும் தப்பு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன.

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய ரெக்கார்ட் கீப்பர் இருந்தார். பென்ஷன் ஃபைல்களை 'தளவாடங்கள்' என்று எழுதிய அலமாரியில் வைத்திருப்பார். கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். அவர் ஓய்வு பெற்றதும் வந்த பையன் லேபிளைப் படித்தான். மூன்று மாதம் ஒரு பென்ஷன் ஃபைலும் கிடைக்கவில்லை. தப்பு அந்தப் பையன் மேல் என்று அன்று எல்லோரும் திட்டினோம். நானும்தான்.

2018ல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 அந்த எழுதப்படாத வழக்கத்தை மாற்றிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் இனி யூ.டி.எஃப்-8, அதிலும் நாலு எண் வரை பிடிக்கும் விரிவான வகை. உபுண்டு 20.04ல் வருவது இந்த 8.0. புது ஆள் லேபிளைப் படித்தார். 'லத்தீன் என்று போட்டிருக்கிறது, கேட்பவருக்கு யூ.டி.எஃப்-8 வேண்டுமாம், சரி, மொழிபெயர்த்துத் தருவோம்' என்று ஒவ்வொரு 224ஐயும் பிரெஞ்சு 'ஆ'வாக ஒழுங்காக மாற்றிக் கொடுத்தார். அவர் செய்தது முழுக்கச் சரி. பென் டிரைவுக்குப் படி எடுத்த கருவியும் அதே மொழிபெயர்ப்பைத்தான் செய்திருந்தது. "கயிறு ரெண்டு முறுக்கு முறுக்கியிருக்கு மாமா, ரெண்டு தடவை பிரிச்சாப் போதும்" என்றான்.

ஆனால் என் பதின்மூன்று கேள்விக்குறி வேறு ஜாதி. லத்தீன் கட்டில் உண்மையான தமிழைச் செருகப் போனேன். அதற்கு அங்கே இடமே கிடையாது. மைஎஸ்க்யூஎல் கண்டிப்பாக இருந்திருந்தால் வாங்க மறுத்திருக்கும். தேதி காலியாக இருந்தால் கோபித்துக்கொள்கிறதே என்று அந்தக் கண்டிப்பை நாங்கள்தான் எப்போதோ தளர்த்தி வைத்திருந்தோம். எனவே எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வாங்கிக்கொண்டது. கோடு போட்ட 'ஆ'வுக்குள் தமிழ் ஒளிந்திருக்கும். கேள்விக்குறிக்குள் ஒன்றுமே கிடையாது. இதே மாதிரி உங்கள் பழைய கோப்பு எதுவும் விசித்திரமாகத் தெரிந்தால், தயவுசெய்து திருத்திச் சேமிக்காதீர்கள்.

மறுநாள் ஞாயிறு காலை சரிசெய்தோம். அசலைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, அதில். 'இதை யூ.டி.எஃப்-8க்கு மாற்று' என்று ஒரே கட்டளை கொடுத்தால் அது மறுபடி மொழிபெயர்த்து, முறுக்கை நிரந்தரமாக்கிவிடுமாம். அதனால் இரண்டு படியாகச் செய்தோம். முதலில் இது எழுத்தே இல்லை, வெறும் எண்கள் என்று சொல்லி பழைய லேபிளைக் கிழித்தான். அடுத்து, இந்த எண்கள் யூ.டி.எஃப்-8 என்று புது லேபிள். உள்ளே இருக்கும் எண் ஒன்றுகூட நகரவில்லை.

அது நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் திருக்கோடிக்கா ஞாபகம் வந்தது. செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைப் புதுப்பித்துக் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படி எடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்தார். இது பழைய கல்லைப் பார்த்து எழுதிய படி என்ற குறிப்போடு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலும் புதுப் பதிப்புக்கு மாற்றும்போது யாரோ ஒருவர் இந்தக் கவலையில் உட்கார்ந்திருக்கிறார்.

பக்கத்தைப் புதுப்பித்தேன். தமிழ். முழுக்கத் தமிழ். 2018 ஆகஸ்ட் 22க்குப் போனேன். முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போன நாள். அன்று அவள் கொள்ளிடத்தைப் பற்றி நாலு வரி, அதற்குக் கீழே எனக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க மறந்ததைப் பற்றி ஆறு வரி எழுதியிருந்தாள். படித்தேன்.

கேள்விக்குறிப் பக்கம் ஒன்றுதான் பாக்கி. பென் டிரைவில் இருந்த படியை இரண்டு முறுக்கும் பிரித்து, அந்தத் தலைப்பை மட்டும் எடுத்துத் தந்தான். அந்த வருஷம் மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறந்ததே அக்டோபர் 2ல்தான். ஆடி பதினெட்டன்று அவள் அம்மா மண்டபம் போய் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். நான் நினைத்த மாதிரி 'ஆடிப்பெருக்கு' என்று தலைப்பு வைக்கவே இல்லை.

'பதினெட்டு இருக்கு, பெருக்கு இல்லை' என்று எழுதியிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை 22.04க்கு மாற்றினேன். அன்று கரண்ட் போகவில்லை.