அப்பத்தாவின் தண்ணீர் பாட்டில்

புதுக்கோட்டையின் மார்கழிக் குளிரைப் பற்றிச் சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் வெளியே கிளம்புகிறவர்கள் காதை மூடிக்கொண்டுதான் கிளம்புவார்கள். அந்தக் குடும்பமும் அப்படித்தான் காரில் ஏறியது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், மருமகள், அரையாண்டு விடுமுறைக்கு வந்த ஆறு வயதுப் பேத்தி, எழுபதைத் தாண்டிய அப்பத்தா. பேத்தி தலையில் குரங்குக் குல்லா. மாட்டிவிட்டுக்கொண்டே இருந்தது அப்பத்தா, கழற்றி எறிந்துகொண்டே இருந்தது பேத்தி!

போகும் இடம் சித்தன்னவாசல், அப்புறம் கொடும்பாளூர். ஐம்பது வருடமாக அதே மாவட்டத்தில் வாழ்ந்தும் அப்பத்தா இரண்டையும் பார்த்ததில்லை. நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் இதுதான் கதை. திருச்சி ஆஸ்பத்திரி தெரியும், குலதெய்வக் கோயில் தெரியும். பக்கத்து மலை தெரியாது.

வழியெல்லாம் அப்பத்தா ஜன்னலோரம் உட்கார்ந்து தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த ஒரே இரவில் இந்தப் பக்கத்துத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. "இந்தா, இது புயலுக்குப் பெறகு வச்ச கன்னு" என்று பேத்திக்குக் காட்டியது. பேத்திக்கோ கண்மாயில் நின்ற கொக்குகள்தான் முக்கியம்.

புதுக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது அப்பத்தா வேண்டாம் என்றது. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றிலும் இரண்டு வாய்தான். பசியில்லையாம். அன்னவாசலை நெருங்கும்போது முகம் வாடிப்போய், கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டது. காரின் அசைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மகன் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

பேத்திதான் போட்டு உடைத்தது. "அப்பா, அப்பத்தா பாட்டில்ல தண்ணி அப்படியே இருக்கு. மூடியக்கூட தெறக்கல."

"சும்மா இரு ஆத்தா" என்றது அப்பத்தா.

மருமகளுக்கு உடனே புரிந்துவிட்டது. பெண்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். வழியில் எங்கே ஒதுங்குவது என்ற பயத்தில், முதல்நாள் ராத்திரியிலிருந்தே அப்பத்தா தண்ணீர் குடிக்கவில்லை. ஆண்கள் கருவேல மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். முழங்கால் வலிக்காரப் பாட்டி என்ன செய்யும்? சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் கோயில் நடை சாத்தும் நேரத்தை விசாரிக்கிறார்கள், ஓட்டலை விசாரிக்கிறார்கள். கழிப்பறையை விசாரிப்பதில்லை. மகனும் விசாரிக்கவில்லை. "ஏம்மா சொல்லல?" என்று அவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். "இத எப்புடிய்யா ஒங்கிட்ட சொல்றது?" என்றது அப்பத்தா. அவர் அதன்பிறகு பேசவில்லை.

மருமகள் சாலையோரம் ஒரு வீட்டின் முன் காரை நிறுத்தச் சொன்னாள். வாசலில் கோலத்துக்கு நடுவே சாணிப்பிள்ளையாரும் பூசணிப்பூவும். யாரென்று தெரியாத அந்த வீட்டு அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் அப்பத்தாவைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது இருவரும் எந்த ஊரில் யாருக்குப் பெண் கொடுத்திருக்கிறது என்பது வரைக்கும் பேசியாகிவிட்டது! ஒரு செம்பு நீர்மோரும் உள்ளே போனது. ஒரு மணி நேரம் ஓய்வு. பேத்தி அந்த வீட்டு ஆட்டுக்குட்டியை விட்டு வர மாட்டேன் என்று அழுதது தனிக்கதை.

சித்தன்னவாசலில், சமணத் துறவிகள் வாழ்ந்த ஏழடிப்பட்டத்துக்கு ஏறுவதில்லை என்று முடிவானது. பாறையில் வழுவழுவென்று வெட்டிய 17 கல் படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் அங்கே இருக்கின்றன. மகன் தான் மட்டும் போய்வருவதாக முதலில் சொல்லி, பிறகு போகவில்லை. மலையின் மேற்குச் சரிவில் இருக்கும் அறிவர் கோயிலுக்கு மட்டும் அப்பத்தாவின் கையைப் பிடித்து மெதுவாக அழைத்துப் போனார்கள்.

கூரையில் தாமரைக் குளம். பாண்டியர் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். நிறைய அழிந்துவிட்டது. படித்தவர்கள் பூசிய சுண்ணாம்பையும் நிறங்களையும் பற்றிப் பேசுவார்கள். அப்பத்தா அண்ணாந்து பார்த்து, "பூப்பறிக்கிற ஆளு தண்டோட பறிக்கிறான் பாரு. எங்க ஊருணியிலயும் இப்புடித்தான் பறிப்போம்" என்றது. பேத்தி மீனையும் எருமையையும் யானையையும் தேடிக் கண்டுபிடித்தது. கழுத்து வலிக்கும்வரை இருவரும் பார்த்தார்கள்.

கொடும்பாளூருக்குப் போகும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மூவர் கோயில் சமதரையில் இருப்பதால் அப்பத்தா யார் கையையும் பிடிக்கவில்லை. இருக்குவேளிர் மரபின் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரு மனைவியர் பெயரிலும் எழுப்பிய மூன்றில் இரண்டுதான் முழுதாக நிற்கின்றன. "மூணாவது எங்க?" என்று பேத்தி கேட்க, மகன் எஞ்சியிருந்த அடித்தளத்தைக் காட்டினார்.

திரும்பும் வழியில், நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. "ஐயா, நிப்பாட்டு. பாத்துட்டு வரேன்" என்று அப்பத்தா சத்தமாகவே சொன்னது. மருமகள் முதலில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினாள். அப்பத்தா பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, காலிப் பாட்டிலைப் பேத்தியிடம் கொடுத்து இறங்கியது.