வாப்பாவின் ஹெரால்டும் ஆயில் பிரஷர் முள்ளும்

கடந்த மே மாதத்தில் ஒரு நண்பகல். இரும்புலியூர் சந்திப்பின் நெரிசலில் வண்டி நின்றபோதுதான் அந்த முள் விழுந்ததைக் கண்டோம். ஓட்டத்தில் 25 பவுண்டைக் காட்டிக்கொண்டிருந்த ஆயில் பிரஷர் முள், எஞ்சின் நிதான ஓட்டத்துக்கு வந்ததும் 5-க்கும் கீழே இறங்கிப் படுத்துவிட்டது. பக்கத்திலிருந்த எச்சரிக்கை விளக்கும் மினுக்கத் தொடங்கியது. எஞ்சினை அணைத்துவிட்டு, நாங்கள் இருவரும் இறங்கி வண்டியை ஓரத்திற்குத் தள்ளினோம். பின்னிருக்கையில் இருந்த தங்கை, வாப்பா இருந்திருந்தால் இப்படி விட்டிருக்கமாட்டார் என்று மட்டும் சொன்னாள். வாப்பா மறைந்து அப்போது ஓராண்டு நிறைந்திருந்தது.

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அது பிறந்த இடமும் எங்கள் தாம்பரம் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. பெருங்களத்தூரைக் கடந்து வண்டலூர் நோக்கிச் செல்லும் வழியில்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டை 1961 முதல் அங்கே செய்தார்கள். எழுபதுகளில் அதுவே கெஸல் என்று உருமாறியது. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது, அது எடுபடவில்லை. 1988-இல் ஆலை நின்றது. அதன் சங்கொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு ஹெரால்ட் என்பது வெளிநாட்டுக் கார் அன்று, ஊர்க் கார். முன் மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். உள்ளே 948 சி.சி. எஞ்சின் தட்டில் வைத்த பண்டம்போல் வெளியே தெரியும். சிறுவயதில் அதன் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துதான் வாப்பா வேலை செய்வதைப் பார்த்திருக்கிறோம்.

தொழிற்சாலை வைத்து அனுப்பியது எச்சரிக்கை விளக்கு மட்டும். விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும் என்று சொல்லி, அதே துளையில் ஒரு கிளை இணைப்பைப் பொருத்தி, கேஜ் ஒன்றைத் தாமாகவே வைத்துக்கொண்டார் வாப்பா. நன்றாகச் சூடேறிய நல்ல எஞ்சின், சாலை வேகத்தில் 40 முதல் 60 பவுண்டு வரை காட்ட வேண்டும் என்பது அவர் எங்களுக்குச் சொல்லித் தந்த கணக்கு.

மறுநாள் வண்டியைப் பார்த்த மெக்கானிக், எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் காதைக் கொடுத்தார். "பேரிங் தேஞ்சிடுச்சு தம்பி. எஞ்சினை இறக்கணும். நாற்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இருந்ததாக நாங்கள் நினைக்கவில்லை. பழைய எஞ்சினில் பிரஷர் விழுந்தால் பெரும்பாலும் பேரிங்தான். ஆனால் அவர் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்திருந்தோம்; ஆயில் மேல்கோட்டைத் தாண்டியே நின்றது. ஆயில் தாராளமாக இருக்கிறது என்று நிம்மதியடைந்தோம். எங்கள் அறியாமையின் உச்சம் அந்த நிம்மதி.

அந்த வண்டி எங்களில் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. உம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் அதில் பங்கு உண்டு. விற்றுப் பிரித்துக்கொள்வதென்று முன்பே பேசி முடித்திருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து பழைய கார்களில் ஆர்வமுள்ள ஒருவர் வருவதாகவும் இருந்தது. இந்த நேரத்தில் இடைத்தரகர் ஒருவர் வழி சொன்னார். கெட்டியான ஆயிலை ஊற்றுங்கள். பிரஷர் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷரைப் போடுங்கள். முள் தானாக எழுந்து நிற்கும். இருநூறு ரூபாய்கூட ஆகாது.

அந்த வழி ஏன் பலிக்கும் என்பதைப் பின்னர்தான் புரிந்துகொண்டோம். பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவே. தள்ளப்படும் ஆயில், கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளி வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. இடைவெளி அகன்றாலும் ஆயில் நீர்த்தாலும் தடை குறையும், முள் விழும். கூடுதல் ஆயிலைத் திருப்பிவிடுவது ரிலீஃப் வால்வு. அதன் ஸ்பிரிங்கை இறுக்கினால் திறக்கும் அழுத்தம் உயரும். தேய்மானம் இருந்த இடத்திலேயே இருக்கும். (முள் அளவுக்கு மீறி உயர்ந்து நிற்பதும் நலமன்று. அந்த வால்வு சிக்கிக்கொண்டிருக்கலாம்.)

உண்மையைச் சொன்னால், இரண்டு நாட்கள் தடுமாறினோம். தங்கையின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வாங்குபவர் எப்படியும் எஞ்சினைப் பிரித்து வேலை செய்யத்தானே போகிறார் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம். உம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கோதுமைக் குவியல் கதை உங்களுக்கு ஓதிக் கொடுத்தது நான்தானே?" என்றார்கள். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் மறைந்திருப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்ட நிகழ்வு. அதற்குமேல் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

பீர்க்கங்கரணையில் ஒரு பெரியவர் இருக்கிறார். அந்தத் தொழிற்சாலையில் எஞ்சின் பகுதியில் வேலை பார்த்தவர், வாப்பாவின் நண்பர். "உங்க அப்பா வண்டியா?" என்று கேட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். முதலில் விளக்கையும் கேஜையும் பார்த்தார். ரெண்டு சாட்சியும் ஒண்ணாச் சொல்லுது, கேஜ் பொய் சொல்லலை என்றார். அடுத்து எங்களில் ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, கிராங்க் புல்லி முன்னே நகர்கிறதா என்று கவனித்தார். இந்த எஞ்சினில் கிராங்க்கைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து நழுவி விழுவது பழைய நோயாம். புல்லி அசையவில்லை.

பிறகு டிப்ஸ்டிக்கை உருவினார். மேல்கோட்டைத் தாண்டி நின்ற ஆயிலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. விரலில் தேய்த்தார். முகர்ந்தார். எங்களிடம் நீட்டினார். பெட்ரோல் வாடை.

"ஓட ஓட ஆயில் குறையணும் தம்பி. கூடினா, வேற எதுவோ உள்ளே வருதுன்னு அர்த்தம்."

ஹெரால்டின் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. கேம் ஷாஃப்ட் அதை இயக்குகிறது. பெட்ரோலையும் எஞ்சின் உட்புறத்தையும் பிரிப்பது ஒரு மெல்லிய டயாப்ரம் மட்டுமே. கழற்றிப் பார்த்தால் அதன் விளிம்பருகே நகக்கீறல் அளவு வெடிப்பு. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறது; அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. வெடிப்பின் வழியே பெட்ரோல் கசிந்து சம்ப்புக்குள் இறங்கி, ஆயிலைத் தண்ணீராக்கியிருந்தது. தரகர் சொன்னபடி கெட்டி ஆயிலை ஊற்றியிருந்தால் முள் சில நாட்கள் எழுந்து நின்றிருக்கும்; கசிவு நின்றிருக்காது. பெட்ரோல் ஆவி நிறைந்த எஞ்சினை ஒரு குடும்பத்தின் கையில் ஒப்படைத்திருப்போம்.

எத்தனாலைத் தாங்கும் டயாப்ரம், புதிய ஃபில்டர், உரிய தரத்து ஆயில். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு வண்டலூர் வரை ஓட்டிப் பார்த்தோம். ஓட்டத்தில் 42. திரும்பும் வழியில் அதே இரும்புலியூரில், நன்கு சூடேறி நின்றபோது 14. பெரியவர் முழுத் திருப்தி அடையவில்லை. 14 என்பது மோசமில்லை, ஆனால் நீர்த்த ஆயிலில் ஓடிய நாட்களில் பேரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கும், அடுத்த ஆயில் மாற்றத்தின்போது சம்ப்பைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள் என்றார். கூலி வாங்க மறுத்து, உம்மா கொடுத்த நோன்புக் கஞ்சியை மட்டும் வாங்கிக்கொண்டார். நோன்பு இல்லாத மாதத்திலும் அவருக்காகவே உம்மா காய்ச்சியது அது.

கோயம்புத்தூர்க்காரர் வந்தபோது, வடித்தெடுத்த பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் அடைத்து அவர் முன் வைத்தோம். நடந்ததையும், 14 என்ற கணக்கையும், பெரியவர் சொன்ன சந்தேகத்தையும் சொன்னோம். பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, பேசிய விலையில் பதினைந்தாயிரத்தைக் குறைத்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தங்கைதான் முதலில் தலையசைத்தாள். புறப்படும்போது அந்தக் கிழிந்த டயாப்ரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்; அதே அளவில் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமாம்.