பைக் பிறந்த ஊர்களின் வழியே

தொலைதூரம் ஓட்டும் இந்தியர்கள் கொண்டாடும் மோட்டார் சைக்கிள்களில் பலவற்றின் கதை, சென்னையின் வடக்கே உள்ள திருவொற்றியூரில் தொடங்கி மைசூருவில் முடியும் ஒரே பயணத்தில் அடங்கிவிடும். திருவொற்றியூர், ஒரகடம், ஓசூர், மைசூரு. நான்கு ஊர்களும் ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. முதல் ஊர் புல்லட்டின் வீடு, கடைசி ஊர் யெஸ்டியின் வீடு. எந்த பைக் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு விலைப்பட்டியலை நீட்டுவதைவிட இந்த வழியில் ஒருமுறை அழைத்துப் போவது மேல் என்பது என் கட்சி. இம்முறை என் கல்லூரித் தோழன் மாட்டினான். அவன் கே.டி.எம். 390 அட்வெஞ்சரில் வந்தான். நான் பழைய 411 சி.சி. ஹிமாலயனில் போனேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் விடிவதற்கு முன்பே நெரிசல் தொடங்கிவிடுகிறது. மேலே மெட்ரோ ரயில் பாதை, கீழே துறைமுகம் நோக்கிப் போகும் கன்டெய்னர் லாரிகள். இந்த ஊரில்தான் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்து, ராணுவம் கேட்ட 350 சி.சி. புல்லட்டுகளுக்காகத் தொழிலைத் தொடங்கியது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, பிறகு எல்லாமே இங்கே செய்யப்பட்டன. 1970ஆம் ஆண்டோடு இங்கிலாந்தில் தாய்க் கம்பெனியின் கதை முடிந்தது. சென்னையில் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் இங்கேயும் மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. அந்தக் கம்பெனிதான் 2024–25 நிதியாண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை விற்றது.

இடைப்பட்ட காலத்தில் அதைக் காப்பாற்றியது விளம்பரம் என்று நான் நம்பவில்லை. புல்லட்டின் எஞ்சின் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. அப்பா ஓட்டிய வண்டிக்கான பாகம் மகன் காலத்திலும் ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. அங்கே இல்லையென்றால் புதுப்பேட்டையில் கிடைத்தது. எந்தத் தாலுகா தலைநகரத்துக்குப் போனாலும் புல்லட்டைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருந்தார். ஆயில் ஒழுகும், கிக்கர் திருப்பி அடிக்கும் என்று தெரிந்தும் மக்கள் அதை வைத்துக்கொண்டதற்குக் காரணம், அதைச் சரிசெய்யும் கைகள் பக்கத்திலேயே இருந்ததுதான். டேங்கின் ஓரத்தில் ஓடும் தங்கக் கோட்டைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? தூரிகையால் கையாலேயே இழுத்த கோடு அது. வளைவில் கோட்டின் அகலம் மயிரிழை அளவு கூடிக் குறையும். என் சித்தப்பாவின் வண்டியில் அதை விரலால் தடவிப் பார்த்த நாளிலிருந்து அது எனக்குப் பிடிக்கும்.

ஒரகடம் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. 2013இல் ராயல் என்ஃபீல்டு இங்கே ஆலை திறந்தது. 2017இல் அருகிலுள்ள வல்லம் வடகாலில் இன்னொன்று. டீக்கடையில் வண்டிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்திவிட்டுக் கணக்குப் பேசினோம். 2016இல் ஹிமாலயன் வந்தபோது ஷோரூம் விலை 1.55 லட்சம். 2023 நவம்பரில் வந்த 452 சி.சி. ஹிமாலயன் 2.69 லட்சத்தில் தொடங்கியது. என் தோழனின் 390 அட்வெஞ்சர் 2020 ஜனவரியில் 2.99 லட்சத்துக்கு வந்தது. அந்தப் பணத்துக்கு, கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் க்விக்‌ஷிஃப்டர், வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும் ஏ.பி.எஸ்., சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் உண்டு. காசுக்குக் கிடைக்கும் தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்தால் அன்று அதற்கு நிகரில்லை.

ஆனால் ஷோரூம் விலையோடு கணக்கு முடிவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிக்குச் சாலை வரி 12 சதவீதம். மூன்று லட்ச ரூபாய் வண்டி என்றால் 36,000 ரூபாய் அங்கேயே போகிறது. இதோடு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 150 முதல் 350 சி.சி. வரை அது 7,365 ரூபாய், 350ஐத் தாண்டினால் 15,117 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் அதே இடத்தில் கோடு போட்டுவிட்டது. 350 சி.சி. வரை 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் செஸ்ஸோடு சேர்த்து 31ஆக இருந்தது 40 ஆனது. ராயல் என்ஃபீல்டின் 349 சி.சி. கிளாசிக் மலிந்தது, அதே கம்பெனியின் ஹிமாலயன் 3 லட்சத்தைத் தாண்டியது. மலையேறும் வண்டியைத் தேடுகிறவர் இன்று முதலில் பார்க்கவேண்டியது இந்த 350 என்ற எண்ணைத்தான்.

ஶ்ரீபெரும்புதூரைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறியதும் எனக்குப் பிடித்த சலுகை ஒன்று காத்திருக்கும். சுங்கச்சாவடியில் கார்கள் வரிசையில் நிற்க, பைக்குகள் இடது ஓரத்துச் சந்தில் காசு கட்டாமல் போய்விடலாம். வாலாஜா, வேலூர், ஆம்பூர் என்று ஊர்கள் பின்னால் போயின. வாணியம்பாடி அருகே என் பின்சக்கரம் ஆட்டம் காட்டியது. இறங்கிப் பார்த்தால் இரண்டு அங்குல ஆணி.

அருகிலேயே பங்சர் கடை இருந்தது. என் வண்டியில் கம்பிச் சக்கரமும் ட்யூப் டயரும். கடைக்காரர் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, செயினைத் தளர்த்தி, ஆக்ஸிலை உருவிச் சக்கரத்தைக் கழற்றினார். நெம்புகோலால் டயரின் விளிம்பைத் தூக்கி ட்யூபை இழுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேர வேலை. தோழனின் அலாய் சக்கரத்தில் ட்யூப்லெஸ் டயர். அவனுக்கு அந்த ஆணி ஏறியிருந்தால் பையிலிருக்கும் கிட்டை எடுத்து, ரப்பர்த் திரியைச் செருகிவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பான். ஆனால் அவன் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் கிடையாது.

“ட்யூப்லெஸ்ஸுன்னா ஆளே வேணாம்ணே, நீங்களே போட்டுக்கலாம். ஆனா ரிம் வளைஞ்சா அலாய மாத்தணும், கம்பி ரிம்ம தட்டி எடுத்துரலாம்” என்றார் கடைக்காரர். இரண்டு பைக்குகளின் தரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நிபுணரும் சொல்லிக் கேட்டதில்லை. நெடுஞ்சாலைக்கு ஒன்று, பாறை கிடக்கும் மலைப்பாதைக்கு இன்னொன்று. எந்தச் சாலை உங்களுடையது என்று தெரியாமல் எந்த வண்டி மேல் என்று சொல்ல முடியாது.

கிருஷ்ணகிரிக்கு முன்னால் சாப்பிட நிறுத்தினோம். வாசலில் பெரிய வண்டிகளின் கூட்டம். ஹார்லிகள், ட்ரையம்ஃபுகள், நடுவே ஒரு ஹோண்டா கோல்ட்விங். 1975இல் பிறந்த அந்த வண்டி, ஆறு சிலிண்டர் எஞ்சினோடு இன்று இந்தியாவில் ஏறத்தாழ 40 லட்ச ரூபாய். ஹார்லி ஓட்டுகிறவர்களின் ஒற்றுமை உலகப் புகழ் பெற்றது. 1983இல் கம்பெனியே ஓட்டுநர் சங்கத்தைத் தொடங்கி அந்தப் பற்றை வளர்த்தது. ஆனால் 2020 செப்டம்பரில் ஹார்லி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, பல லட்சம் போட்டு வாங்கியவர்கள் சர்வீஸுக்கு எங்கே போவது என்று தவித்தார்கள். அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப் பொறுப்பேற்க முன்வந்தது. 2023 ஜூலையில் ஹீரோ தயாரித்த ஹார்லி எக்ஸ்440 2.29 லட்சத்துக்கும், பஜாஜ் தயாரித்த ட்ரையம்ஃப் ஸ்பீடு 400 2.33 லட்சத்துக்கும் வந்தன. பெரிய பெயர்கள் நடுத்தர வீட்டுக்குள் நுழைய இந்தியத் தொழிற்சாலைகள்தாம் கதவு திறந்தன.

இந்தக் கதையை முழுதாகச் சொல்லும் ஊர் ஓசூர். 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த இடம் இது. 2013இல் டி.வி.எஸ்.ஸும் பி.எம்.டபிள்யூவும் ஒப்பந்தம் போட்டன. ஒரே 313 சி.சி. எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு இங்கிருந்து இரண்டு முத்திரைகளில் வண்டிகள் வந்தன. டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310, 2017 டிசம்பரில் 2.05 லட்சம். பி.எம்.டபிள்யூ ஜி 310 ஆர், 2018 ஜூலையில் 2.99 லட்சம். அதன் பயண வடிவமான ஜி 310 ஜி.எஸ். 3.49 லட்சம். ஆர்.ஆர். காற்றைக் கிழிக்கும் கவசத்தோடு வந்த வண்டி, ஜி 310 ஆர் கவசமில்லாதது. அப்படியிருந்தும் முத்திரைக்காக ஏறத்தாழ ஒரு லட்சம் கூடுதல். 2020இல் பி.எம்.டபிள்யூவே ஜி.எஸ்.ஸின் விலையை 2.85 லட்சத்துக்கு இறக்கியது. 2025இல் இந்தியாவில் பி.எம்.டபிள்யூவின் 310 வண்டிகளின் விற்பனை நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் டி.வி.எஸ். தன் சொந்தப் பெயரில் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 என்ற பயண பைக்கை 1.99 லட்சத்தில் கொண்டுவந்தது. 299 சி.சி. என்பதால் 18 சதவீத வரிதான். ஓசூர்த் தொழிலாளி இத்தனை ஆண்டுகள் ஜெர்மானியத் தரத்துக்கு வண்டி செய்து கற்றது இப்போது நம் பெயரிலேயே, நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் வருகிறது. எனக்கு இதில் பெருமை உண்டு.

பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குகளுக்கு அனுமதி இல்லை. அதனால் தளி வழியாகக் கனகபுரா போய், மளவள்ளி, பன்னூர் என்று கிராமச் சாலைகளில் ஓட்டினோம். ராகி வயலும் புளியமரமுமாக, எழுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகத் தோன்றாத சாலை. தோழனின் வண்டியும் என் வண்டியும் ஒன்றுபோலவே ஓடின.

மைசூருவின் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஜாவா, பிறகு யெஸ்டி என்று 250 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டிகளை ஊரெங்கும் அனுப்பிய ஆலை 1996இல் மூடப்பட்டது. அதன்பின் புது பாகமில்லை, சர்வீஸ் சென்டர் இல்லை, கேட்பதற்குக் கம்பெனியே இல்லை. இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறன்று ஜாவா–யெஸ்டி தினம் என்று நூற்றுக்கணக்கானவர்கள் வண்டிகளை ஓட்டிக்கொண்டு கூடுகிறார்கள். 2018இல் மகிந்திரா ஆதரவோடு ஜாவா பெயர் மீண்டும் சந்தைக்கு வந்ததற்கு அந்தப் பற்றுதான் முதலீடு.

நகரத்தின் உள்தெரு ஒன்றில் பழைய மெக்கானிக் ஒருவர் யெஸ்டி ரோட்கிங்கைக் கிளப்பிக் காட்டினார். கியர் மிதிப்பதும் கிக் அடிப்பதும் அதில் ஒரே லீவர்தான். உள்பக்கமாக அழுத்தி, மேலே திருப்பி, ஒரே உதை. இரண்டு சைலன்சரிலிருந்தும் நீலப் புகையும் 2டி ஆயில் வாசமும் கிளம்பின. பாகங்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கேஸ்கெட்டைத் தாமே வெட்டிக்கொள்வதாகவும், மற்றதைச் சிறு பட்டறைகளில் கடைந்து வாங்குவதாகவும் கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். “கம்பெனி போச்சு சார். வண்டி எங்க போகும்?” என்றார்.

அவர் சொன்னது பழைய வண்டிக்குச் சரி. புதிய வண்டிக்கு அது நடக்குமா என்பதுதான் என் கவலை. இன்று என் தோழனின் பைக்கில் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இல்லை, மின் கட்டளைதான் போகிறது. கோளாறைக் கண்டுபிடிக்கக் கம்பெனியின் கருவி வேண்டும். 2024 நவம்பரில் ஆஸ்திரியாவில் கே.டி.எம். திவால் நடைமுறைக்குப் போனபோது அவன் பட்ட பதற்றத்தைப் பார்த்தேன். அவன் வண்டி புனே அருகே சாகனில் பஜாஜ் செய்தது, 2025இல் பஜாஜே கே.டி.எம்.மை மீட்டுக் கைக்கொண்டது. பதற்றம் தணிந்தது. ஆனால் அப்படி ஒரு கை வராமல் போயிருந்தால், வாணியம்பாடிக் கடைக்காரரோ மைசூரு மெக்கானிக்கோ அந்த எஞ்சினின் கணினியைத் திறந்திருக்க முடியாது.

ஆகவே பயண பைக் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குதிரைத்திறனையும் திரையின் அளவையும் பார்ப்பதற்கு முன், உங்கள் ஊரிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி அந்த வண்டி நின்றால் யார் தொடுவார்கள் என்று கேளுங்கள். கிளட்ச் பிளேட், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேடு ஆகியவற்றின் விலையை வாங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். அந்த மாடலைப் பத்து ஆண்டாக வைத்திருப்பவரைத் தேடிப் பேசுங்கள். அவர் அதை விற்காததற்குச் சொல்லும் காரணத்தில்தான் அந்த வண்டியின் மதிப்பு இருக்கிறது.

கம்பெனிகளிடம் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதன் கீழ் வருகின்றன. இதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு மாடலை நிறுத்துகிற கம்பெனி, அதன் பாகங்களையும் கையேட்டையும் கோளாறு பார்க்கும் மென்பொருளையும் தெருமுனை மெக்கானிக்குக்குத் திறந்துவிடட்டும். மூன்று லட்சம் கொடுத்து வாங்கி, அதன் மேல் உட்கார்ந்து நாட்டைச் சுற்றியவனுக்குக் கம்பெனி செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது. அதைச் செய்கிற கம்பெனிக்குத்தான் என் அடுத்த வண்டியின் பணம்.