அக்டோபர் கத்தரி, மார்ச் பூ

தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் பிப்ரவரியில் கூட்டம் மொய்ப்பது பாத்தி ரோஜாக்களைச் சுற்றித்தான். சற்று மேற்கே, நீள் தோட்டத்தின் நடுப்பாதைக்கு மேல் லட்யன்ஸ் வடிவமைத்த சிவப்பு மணற்கல் பந்தல் நிற்கிறது. கொடி ரோஜா, பெட்ரியா, போகன்வில்லா, திராட்சை எல்லாம் அதற்கென வைக்கப்பட்டவை. நிழலுக்கு ஒதுங்கும் இடம் என்றே பலரும் அதைக் கடந்துவிடுகிறார்கள். 2023 ஜனவரியில் மொகலாயத் தோட்டம் அம்ருத் உத்யான் ஆனது. கொடி ரோஜாவின் குணம் மட்டும் பழையதுதான்.

தலைநகரின் ரோஜாக் கணக்கு அக்டோபரில் தொடங்குகிறது. மழை ஓய்ந்து இரவு குளிரத் தொடங்கியதும் கவாத்து. புதர் ரோஜாவைப் பாதி உயரத்துக்கு வெட்டினால் ஆறேழு வாரத்தில் பூ. அதே கத்தரியோடு, அதே வேகத்தில் பந்தலுக்கு வரும் மாலி அந்த வருடப் பூவையே வெட்டிவிடுகிறார். கொடி ரோஜா பெரும்பாலும் முந்தைய பருவத்து நீண்ட தண்டுகளின் பக்கக் கிளைகளில்தான் பூக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பல கொடி ரகங்கள் புதர் ரோஜாவில் தற்செயலாகத் தோன்றிய மாற்றங்கள். இளம் பருவத்தில் ஒட்ட வெட்டினால் மறுபடி புதராகவே திரும்பிவிடலாம். எனவே முதல் இரண்டு வருடம் காய்ந்த குச்சியை நீக்குவதோடு சரி.

வெட்டுவதைவிட வளைப்பதில்தான் வித்தை. நிமிர்ந்து போகும் தண்டில் நுனி மொட்டு கீழ்க்கணுக்களை அடக்கி வைக்கும். பூ உச்சியில் மட்டும், அதுவும் அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு. தண்டைக் கிடைமட்டமாகச் சாய்த்துக் கட்டினால் கணுவுக்குக் கணு கிளைக்கும். தூணாக இருந்தால் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். கட்டுவதற்குச் சணல் போதும், எட்டு வடிவில், தளர்வாக. கம்பி தண்டை அறுத்துவிடும். தட்டிச் சந்துகளுக்குள் தண்டை நுழைத்து விடுபவர்கள் சில வருடம் கழித்து அதை உருவ முடியாமல் திண்டாடுவார்கள்.

பூத்த பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு நறுக்கலாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு கிழட்டுத் தண்டுகளை அடியோடு எடுத்து, புதுத் தண்டுக்கு இடம் தர வேண்டும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் காட்டுத் தளிரை வெட்டாமல் பிய்த்தெறிவதே சரி. வெட்டினால் மறுபடி முளைக்கும். வெட்டுவாயிலிருந்து கீழ்நோக்கிக் கருகும் நுனிக்கருகல் நோய் சமவெளித் தோட்டங்களின் நிரந்தரத் தலைவலி. நல்ல சதை தெரியும்வரை வெட்டி, தாமிரப் பூசணக்கொல்லிப் பசை தடவுவது வழக்கம். வருடம் ஒருமுறை பூக்கும் ரகங்களுக்கு அக்டோபர் கவாத்தே கூடாது, பூ முடிந்த பிறகுதான். ஒரு பந்தலுக்கே நாள் கணக்கில் நேரம் பிடிக்கும் இந்த வேலைக்கு, செடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் முதலில் பலியாவது பந்தல்தான்.

இத்தனைக்கும் ரோஜா வம்சத்தின் ராட்சதக் கொடி இந்தியாவிலேயே இருக்கிறது. 1882இல் மணிப்பூர் மலைகளில் ஜார்ஜ் வாட் கண்ட ரோஸா ஜைகான்டியா, பெரிய மரங்களின் உச்சி வரை ஏறும். தேயிலை ரோஜாக்களின் மூதாதைகளில் ஒன்றாகக் கருதப்படுவது. அதைக் கொண்டு கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதியர் வெப்பம் தாங்கும் கலப்பினங்களை உருவாக்கினார்கள்.

தில்லிக் கொடி ரோஜாவைப் பார்க்க பிப்ரவரிக் கூட்டத்தில் இடிபட வேண்டாம். மார்ச்சில் பந்தல் நிறையும். ஏப்ரல் வெயில் வந்துவிட்டால் இதழ்கள் விளிம்பில் கருக ஆரம்பிக்கும்.