ஸ்டூடிபேக்கர் ஊரில் ஒரு பிற்பகல்

சிக்காகோ மாநகரிலிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ 90 மைல் சென்றால் இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரை அடையலாம். நோத்ர் தாம் பல்கலைக்கழகத்தின் பொன்வேய்ந்த குவிமாடத்தைக் காணவென்றே நம்மவர் பலர் அங்குச் செல்வர். மகனும் மருமகளும் பேரனும் உடன்வர நாங்களும் அதற்காகத்தான் சென்றோம். ஆனால் அன்றைய பிற்பகல் முழுவதையும் எங்களிடமிருந்து பறித்துக்கொண்டது அந்தக் குவிமாடம் அன்று. நகரின் மற்றொரு பகுதியில் உள்ள ஸ்டூடிபேக்கர் காட்சியகமே.

1852-ஆம் ஆண்டில் இரு சகோதரர் இவ்வூரில் ஒரு கொல்லுப்பட்டறை திறந்தனர். அவர்தம் தம்பி ஒருவர் தங்கம் தேடிக் கலிபோர்னியா சென்று, தங்கம் தோண்டுவதை விடத் தோண்டுவோருக்குத் தள்ளுவண்டி செய்து விற்பதே மேல் எனக் கண்டு, 8,000 டாலர் சேமிப்புடன் திரும்பினார். (விற்பனைக் கலையின் முதல் பாடத்தை அவர் அங்கேயே கற்றுவிட்டார் போலும்!) அப்பணம் பட்டறையை வளர்த்தது. குதிரை வண்டிகள் செய்தவர்கள் 1902-இல் மின்சாரக் காரும், 1904-இல் பெட்ரோல் காரும் செய்யத் தொடங்கினர். அதிபர் லிங்கன் சுடப்பட்ட இரவில் நாடகசாலைக்கு ஏறிச் சென்ற குதிரை வண்டி இக்காட்சியகத்தில் இருக்கிறது. அதனருகே எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர்.

எங்களை அழைத்துச் சென்று விளக்கியவர் எண்பதை எட்டிய முதியவர். கார்களின் எஞ்சினைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. அவை விற்கப்பட்ட இடங்களைப் பற்றியே அவர் பேச்செல்லாம். இக்காட்சியகமே 2005-இல் இப்போதைய கட்டடத்திற்கு வருமுன்னர் பழைய ஸ்டூடிபேக்கர் விற்பனைக்கூடம் ஒன்றில்தான் இருந்ததாம். "கார் அங்கே தன் வீட்டில் இருப்பது போல் இருந்தது" என்றார்.

அவர் சிறுவனாயிருந்த 1950-களில் ஒவ்வோர் இலையுதிர் காலமும் ஒரு திருவிழாவாம். புதிய ஆண்டின் கார்கள் இரவில் துணி போர்த்தி வந்து இறங்கும். விற்பனைக்கூடத்தின் பெரிய கண்ணாடிகள் மீது உள்ளிருந்து காகிதம் ஒட்டிவிடுவர். பள்ளி விட்டுவரும் சிறுவர்கள் காகிதத்தின் கிழிசல் வழியே ஒற்றைக் கண்ணால் எட்டிப்பார்ப்பர். குறித்த நாளில் காகிதம் நீங்கும், விளக்குகள் எரியும், ஊரார் குடும்பத்தோடு வருவர். வாங்கும் எண்ணம் உடையவர் பத்தில் ஒருவர்தாம் இருப்பர். ஆயினும் சிறுவருக்குப் பலூன், பெரியவருக்குக் காப்பி, எல்லாருக்கும் வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பரப் புத்தகம் உண்டு. இன்று பலூன் வாங்கும் சிறுவன் பத்தாண்டில் கார் வாங்குவான் என்பது விற்பனையாளரின் கணக்கு. கதவைச் சாத்தினால் எழும் ஓசையையும், புது இருக்கையின் மணத்தையும் முதியவர் விவரித்தபோது எங்களுக்கும் ஆசை பிறந்தது.

எங்கள் ஆசைக்கு வேறொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் நாங்கள் வளர்ந்த காலத்தில் கார் விற்க யாரும் கெஞ்சியதில்லை, வாங்குபவர்தாம் கெஞ்சினர். முன்பணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, என்ன நிறம் கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி வரவேண்டும். எங்கள் பெரியப்பா தம் காரைப் பதிவு செய்தபோது பள்ளியிலிருந்த மகன், அது வீடு வந்து சேர்ந்தபோது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். விற்பனையாளர் வாசலில் நின்று வரவேற்ற உலகம் எங்களுக்குக் கதையாகவே தோன்றியது.

அந்த வரவேற்பைப் பயிற்றுவிக்க ஸ்டூடிபேக்கர் நிறுவனத்தார் அமர்த்தியவர் யார் தெரியுமா? நோத்ர் தாமின் புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி! 1928 முதல் அவர் ஊர் ஊராகச் சென்று விற்பனையாளர் கூட்டங்களில், ஆட்டத்திற்கு முன் மாணவர்களுக்கு உரைப்பது போலவே, உரையாற்றினார். 1931 மார்ச் 31-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் பெயரிலேயே ஒரு கார் 1932-இல் விற்பனைக்கு வந்து, மறு ஆண்டே நின்றும் போனது.

ஆனால் புன்னகைக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. போருக்குப் பின் முதல் சில ஆண்டுகள் கார்களுக்குப் பெருங்கிராக்கி. 1953-ஐ ஒட்டி ஃபோர்டும் செவ்ரலேயும் போட்டியில் கார்களை உருவாக்கிக் குவித்துத் தம் முகவர்கள் தலையில் கட்டின. விற்றே தீரவேண்டிய நிலை வந்ததும் தந்திரங்கள் பெருகின. விலையை முதலில் ஏற்றிச் சொல்லி, பழைய காருக்குத் தாராளமாய் மதிப்புத் தருவது போல் நடிப்பது ஒன்று. மதிப்பிடுவதாகச் சொல்லிப் பழைய காரின் சாவியை வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளர் போக எழுந்தால் சாவியைக் காணோம் எனக் கைவிரிப்பது மற்றொன்று. ஒருவர் இனிக்கப் பேசிக் களைப்படையச் செய்தபின், கையெழுத்து வாங்கவென்றே மற்றொருவர் உள்ளறையில் காத்திருப்பார். ஒக்லஹோமாவின் செனட்டர் மைக் மன்ரோனி இவற்றையெல்லாம் விசாரித்து, 1958-இல் ஒரு சட்டம் கொணர்ந்தார். அதன்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் விலை விவரம் ஒட்டப்படவேண்டும். அச்சீட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

முதியவரிடம் இதைக் கேட்டோம். "எல்லாரும் அப்படியில்லை" என்றார். சற்று நேரம் கழித்து, "சிலர் அப்படித்தான்" என்றும் சொன்னார். அவர் நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது.

அப்பளபளக்கும் தளத்தில் யாரெல்லாம் நிற்க முடிந்தது என்ற கேள்வியும் எழுகிறது. எட்வர்ட் டேவிஸ் என்னும் கறுப்பினத்தவர் 1930-களில் டெட்ராய்ட் அருகே வேறொரு கார் விற்பனைக்கூடத்தில் விற்பனையாளரானார். வெள்ளையரான விற்பனையாளர்களோடு காட்சித்தளத்தில் நிற்க அவருக்கு அனுமதியில்லை; மாடியில் ஓர் அறை தந்தனர். தம் வாடிக்கையாளரைப் படியேற வைத்தே அவர் கார்களை விற்றார். 1940-இல் அவரைத் தம் முகவராக ஏற்றது ஸ்டூடிபேக்கர். பெரிய மூன்று நிறுவனங்களுள் ஒன்று ஒரு கறுப்பினத்தவரை முகவராக ஏற்க 1963 வரை ஆயிற்று; அதையும் பெற்றவர் அதே டேவிஸ்தான். பழைய விற்பனைக்கூடங்களைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுவோர் அம்மாடிப்படியை மறந்துவிடுகின்றனர். நாங்களும் பலூன் கதையில் மயங்கி ஏறத்தாழ மறந்தே போனோம்.

1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலை மூடப்பட்டது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில நாள்களே இருந்தன. இங்கிருந்து வெளிவந்த கடைசிக் கார், சிவப்பு நிற டேடோனா, காட்சியகத்தில் நிற்கிறது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரான சுமார் 4,000 தொழிலாளர்க்கு அவர்கள் உழைத்துச் சேர்த்த ஓய்வூதியத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடே கிட்டியது. அதைவிட இளையவர்க்கு ஒன்றுமில்லை. 1974-இல் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு இவ்வூரின் துயரும் ஒரு காரணமாயிற்று. கனடாவிலிருந்த ஆலையும் 1966-இல் நின்றபின், நாடெங்கும் ஸ்டூடிபேக்கர் பெயர்ப்பலகையை நம்பியிருந்த முகவர்களும் அதைக் கழற்றிவிட்டு வேறு வழி தேடினர்.

எங்கள் மகன் தன் காரைக் கைப்பேசியிலேயே தேர்ந்து வாங்கினான். எந்த விற்பனையாளரின் முகத்தையும் பார்க்கவில்லை. எவரும் அவன் சாவியை ஒளிக்கவில்லை. பேரனுக்குப் பலூனும் இல்லை.

புறப்படுமுன் அங்குள்ள சிறு கடையில் ஒரு பட அஞ்சலட்டை வாங்கினோம். போருக்குப் பின் வந்த ஸ்டூடிபேக்கர் ஒன்று அதில் இருந்தது. அதன் பின்புறமும் முன்புறம் போலவே அகன்று வளைந்த கண்ணாடியால் ஆனது. கார் வருகிறதா போகிறதா எனக் கேட்டு அக்காலத்தில் அமெரிக்கர் கேலி செய்வராம். இதை முதியவர் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் முன்பே படித்திருந்தோம். பேரனுக்கு ஏழு வயது. அட்டையை இருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுக்கு முன்பக்கம் எது?" என்றான்.

மருமகள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் முதியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளே சென்று, பழைய விளம்பரப் புத்தகத்தின் மறுபதிப்பு ஒன்றைக் கொணர்ந்து, இரு கைகளாலும் அவனிடம் நீட்டினார்.